வந்தியின் பங்கு

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம். என்னோடு படித்தவன் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். காலையில் மீனாட்சியைப் பார்த்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு, ராமேஸ்வரம் கிளம்புவதாகத் திட்டம். செருப்பை விட்டுவிட்டு அம்மன் சன்னதிப் பக்கம் போனால் நடை சாத்தியிருக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்தை மட்டும் வேண்டுமானால் பார்க்கலாம் என்றார்கள். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த நான் நாள் பார்க்காமல் கூட்டிவந்துவிட்டு அசடு வழிய நின்றேன். நண்பனின் மனைவி பக்கத்திலிருந்த பூக்காரம்மாவிடம் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டார். அந்தம்மா பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. "சாமி வேலைக்குப் போயிருக்காரும்மா. ராத்திரிதான் வருவாரு."

நண்பனின் மகளுக்கு எட்டு வயது இருக்கும். "சாமிக்கு என்ன வேலை?" என்றாள்.

"மண்ணு அள்ளுற வேலை, பாப்பா."

அன்று புட்டுத் திருவிழா. ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதரும் மீனாட்சியும் ஆரப்பாளையம் பக்கம் இருக்கிற புட்டுத்தோப்புக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை கோயில் நடை சாத்தியிருக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் "வேலைக்குப் போயிருக்கார்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. புறப்பாடு என்போம், எழுந்தருளல் என்போம். பூக்காரம்மாவுக்கு அது காலையில் போய் ராத்திரி திரும்புகிற கூலி வேலை. நண்பனை வண்டி ஏற்றி அனுப்பிய பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. காரணம், எனக்கும் இந்தக் கதைக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு.

முதுகைத் தடவிக்கொண்ட கதை

அப்பத்தா இந்தக் கதையை வருடத்துக்கு ஒரு தடவை, புட்டு அவிக்கிற அன்றைக்கு மட்டும்தான் சொல்வாள். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அவன் அமைச்சர் வாதவூரர் (அவர்தான் மாணிக்கவாசகர்) திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்தது, நரி பரியானது, பரி மறுபடி நரியாகி லாயத்தையே நாசம் பண்ணியது எல்லாவற்றையும் ஓட்டமாகச் சொல்லி முடித்துவிடுவாள். வைகையில் வெள்ளம் வந்ததும்தான் நிதானம் வரும். வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று முரசு அறைகிறார்கள். புட்டு விற்கிற கிழவி வந்திக்கு ஆள் இல்லை. எங்கிருந்தோ ஒரு பையன் வந்து, "நான் போறேன், என்ன கூலி தருவே?" என்கிறான். புட்டைத் தவிர அவளிடம் என்ன இருக்கிறது? உதிர்ந்ததெல்லாம் உனக்கு, உதிராதது எனக்கு என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து அவித்தது அத்தனையும் உதிர்ந்துபோனது என்று சொல்லும்போது அப்பத்தாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

பாண்டியன் பிரம்பை ஓங்குகிற இடம் வந்ததும் நிறுத்துவாள். வெற்றிலைச் சாற்றை விழுங்கிக்கொண்டு, தன் தொடையில் உள்ளங்கையால் ஒரு போடு போடுவாள். "அடி யாருக்கு விழுந்துச்சு?" பேரன் பேத்திகள் ஏழெட்டுப் பேரும் முதுகைத் தடவிக்கொண்டு "எனக்கு!" என்று கத்த வேண்டும். கத்தாதவனுக்குப் புட்டு கிடையாது. எங்கள் வீட்டில் உதிர்ந்த புட்டு பிள்ளைகளுக்கு, உதிராமல் வில்லையாக வந்தது பெரியவர்களுக்கு. உதிர்ந்ததில்தான் வெல்லம் நன்றாக ஊறியிருக்கும். சாமி விவரமாகத்தான் கூலி பேசியிருக்கிறார் என்று அப்போதே தோன்றும்.

(திருப்பெருந்துறை என்கிற ஆவுடையார்கோயிலில் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். சோற்றைச் சுடச்சுடக் கல்லில் கொட்டுவார்கள். மேலே எழும்புகிற ஆவிதான் நைவேத்தியம். அங்கே ஆவியோடு திருப்திப்பட்டவர், மதுரைக்கு வந்து ஆவியில் வெந்த புட்டுக்கு ஆசைப்பட்டிருக்கிறார்.)

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது 61-ஆவது படலம். அந்த ஓர் அடி பாண்டியன் மேல், அரசியர் மேல், அமைச்சர் மேல், யானை குதிரை மேல், இருக்கிற உயிர்கள் அத்தனையின் மேலும் விழுகிறது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மாணிக்கவாசகர் திருவம்மானையில் இதைப் பாடிவிட்டார்: "மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு புண்சுமந்த பொன்மேனி". எல்லோர் முதுகிலும் விழுந்தது என்ற பேச்சு அந்தப் பாட்டில் இல்லை. மண் சுமந்தார், கூலி வாங்கினார், ராஜாவிடம் அடி வாங்கினார், உடம்பு புண்ணானது. அவ்வளவுதான். 'மொத்துண்டு' என்ற சொல்லைப் பாருங்கள். "மொத்து மொத்துன்னு மொத்திட்டான்" என்று மதுரைத் தெருவில் இன்றைக்கும் சொல்கிறோமே, அதே மொத்து. வாத்தியார் தொடுகிற மாதிரியான அடி இல்லை.

சின்ன வயதில் முதுகைத் தடவிக்கொண்டு கத்தியவன்தான் நான். வளர்ந்த பிறகு கட்சி மாறிவிட்டேன்.

ராஜா பக்கம் நின்றவன்

படித்தது சிவில். வேலை கட்டடத்தில். வேலைக்குப் போன நாளிலிருந்து இந்தக் கதையில் எனக்குப் பாண்டியன் செய்தது தவறாகவே தெரியவில்லை. ஒரு கரையைப் பத்துப் பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் தண்ணீருக்குப் பங்கு தெரியாது. நூறு முழம் உயர்த்தி நடுவில் நாலு முழம் விட்டால், ஊரைக் கொண்டுபோக அந்த நாலு முழம் போதும். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் தங்கள் பங்கை அடைத்துவிட்டார்கள். இவன் மட்டும் கூலியை முன்னாலேயே வாங்கித் தின்றுவிட்டு, கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான், பாட்டுப் பாடுகிறான், கொட்டிய மண்ணில் கால் நீட்டி விளையாடுகிறான். வெள்ளம் நிற்குமா? நான் ராஜாவாக இருந்தாலும் பிரம்பை எடுத்திருப்பேன் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அப்பத்தா உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தொடையடி என் முதுகில் விழுந்திருக்கும்.

வீட்டுக்கு ஓர் ஆள் என்பது புராணக்காரரின் கற்பனை இல்லை. குடிமராமத்து என்று அதற்குப் பேரே உண்டு. கண்மாயும் கரையும் ஊர்ச் சொத்து, பழுது பார்ப்பது ஊரார் கடமை. வெள்ளைக்காரன் இதைச் சட்டமாகவே எழுதினான். 1858-இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடைகிற ஆபத்து இருந்தால் அக்கம்பக்கத்தில் உடம்பில் தெம்புள்ள உழைப்பாளிகளைக் கூப்பிடலாம்; வராவிட்டால் தண்டிக்கலாம். அதாவது பாண்டியன் கையில் இருந்த பிரம்பு, அரசிதழ் வரைக்கும் வந்து சேர்ந்தது. இதையும் நான் என் கட்சிக்குச் சாட்சியாக வைத்திருந்தேன்.

வரிசையில் ஓர் இடம்

இருபது வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது ஒரு கட்டடத்தில் சைட் எஞ்சினியராக இருந்தேன். வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. சித்தாள்களில் ஒரு வயதான அம்மா, அறுபதை நெருங்கியிருக்கும். எல்லோருக்கும் அவள் பெரியம்மா. சும்மாடு கட்டுவதில் அவளுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. பழைய சேலைக் கிழிசலை முறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தித் தலையில் வைப்பாள். கலவைச் சட்டி அதில் போய் உட்கார்ந்தால் அசையாது. மூன்று மாதத்தில் அவள் சட்டியிலிருந்து ஒரு கரண்டிக் கலவை சிந்தி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாள். கான்கிரீட் ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. நடுவில் நின்றால் போட்டது இறுகிவிடும். அதன்மேல் புதிதாகப் போடுவது சரியாக ஒட்டாது, அங்கே ஜாயிண்ட் விழும். பின்னால் மழை பெய்தால் அந்த வழியாகத்தான் ஒழுகும். அதனால் கீழே மிக்சரிலிருந்து சாரத்தில் ஏறி மேலே தளம் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றுவார்கள். ஓர் ஆள் குறைந்தால் வரிசை அறுந்துவிடும். அன்றைக்குப் பெரியம்மா வரவில்லை. அவள் பேருக்கு ஒரு பையன் வந்திருந்தான், பதினெட்டு பத்தொன்பது வயது. முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, அவங்க ஆளாக என்னை அனுப்பினார்கள் என்றான். மேஸ்திரி மஸ்டர் ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், பேரைக்கூட மாற்றவில்லை. பெரியம்மா பேருக்கு நேராகவே ஒரு கோடு இழுத்துவிட்டு அவள் இடத்தில் அவனை நிறுத்தினார்.

பத்து மணிக்கு மேலேயிருந்து சத்தம் வந்தது. வரிசையில் ஓர் இடம் காலி. மேலே நின்றவரும் கீழே நின்றவரும் எட்டி எட்டிச் சட்டியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பையனைத் தேடினால், ஜல்லிக் குவியலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி நிழலில் சிமென்ட் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறான். தூங்கவும் இல்லை. வாயில் ஏதோ சினிமாப் பாட்டு. என் கையில் ஒரு ரீப்பர் மரத்துண்டு இருந்தது. தோளில் ஒரு போடு போட்டேன். பலமான அடி இல்லை என்று இருபது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மிக்சர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் யாரும் முதுகைத் தடவவில்லை. ஒருவர் சிரித்தார். என் முதுகிலும் எதுவும் விழவில்லை. வேலை நடக்க வேண்டுமே என்ற நினைப்புத்தான் இருந்தது. பையன் எழுந்து, சாக்கை மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, போய் வரிசையில் நின்றான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. அரை நாள்கூட எழுதாதீர்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். தளம் நன்றாக வந்தது. ஜாயிண்ட் இல்லை.

சனிக்கிழமை கூலி போடுகிற நேரத்தில் பெரியம்மா வந்தாள், காலைத் தாங்கித் தாங்கி. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு என் மேசைக்கு வந்தாள். "அவன அடிச்சீங்களாமே சார்."

வேலை நேரத்தில் படுத்திருந்தான் என்றேன்.

"படுத்திருப்பான், சோம்பேறிப் பயதான். ஆனா வராதது நாந்தான சார். அவன் எங்க வீட்டுப் பிள்ளைகூட இல்ல, பக்கத்து வீடு. நான் கேட்டேன்னு வந்தான். அடிக்கிறதா இருந்தா என்னையத்தான அடிச்சிருக்கணும்?" கோபமாகச் சொல்லவில்லை. மஸ்டர் ரோலில் தப்பாக விழுந்த ஒரு கோட்டைக் காட்டித் திருத்தச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்: "மாடி ஏற முடியல, கீழ வேல போடுங்கன்னு ரெண்டு வாரமா மேஸ்திரிகிட்டச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியிருக்காது. தளத்துக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று நான்தான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் அவள் ஓர் ஆள்.

சும்மா இருந்த பையன்

நண்பனை அனுப்பிவிட்டு அன்று சாயந்திரம் தனியாகப் புட்டுத்தோப்புக்குப் போனேன். பெருங்கூட்டம். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வந்திருந்தார். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வந்திருந்தார், பாண்டிய ராஜாவாக. அப்பன் கூலியாள், மகன் ராஜா. திருவிழாவுக்கு வேடம் பிரித்தவர்களுக்கு நல்ல குறும்பு. இரண்டொரு நாளுக்கு முன்புதான் இதே சொக்கநாதருக்குக் கோயிலில் பட்டாபிஷேகம் நடந்திருக்கும். செங்கோல் வாங்கியவருக்கு, அந்தக் கை காய்வதற்குள் தங்க மண்வெட்டியும் தங்கக் கூடையும். முந்திய நாட்களில் வளையல் விற்றாயிற்று, மாணிக்கம் விற்றாயிற்று; மறுநாள் விறகு விற்கப் போக வேண்டும். மதுரைக்காரர்கள் இந்தச் சாமியை ஒரு நாள்கூடச் சும்மா உட்கார விடுவதில்லை.

ஆனால் இந்த வேலையில் மட்டும் அவர் சும்மாதான் இருந்தார். தொன்னையில் வாங்கிய புட்டோடு மண்டபத்துக்கு வெளியே நின்றுகொண்டு அதைத்தான் யோசித்தேன். மற்ற விளையாடல்களில் எடுத்த தொழிலை ஒழுங்காகச் செய்கிறார். விறகு விற்க வந்தவர் விறகு சுமந்துதான் வந்தார். இங்கே மட்டும் ஏன் தூக்கமும் பாட்டும்? முடியாமலா? அடி வாங்கியதும் ஒரே ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைகிறார், கரை உயர்ந்துவிடுகிறது. அதைக் காலையிலேயே கொட்டியிருக்கலாமே.

கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வந்தியின் பங்கு அடைபட்டிருக்கும். கணக்குப்பிள்ளை ஏட்டில் ஒரு கோடு இழுத்திருப்பான். ராஜா அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். வீட்டுக்கு ஓர் ஆள் என்று முரசு அறைந்தபோது, ஆளே இல்லாத ஒரு வீட்டுக்கும் நாலு முழம் அளந்து விட்டார்களே, அது சரியான கணக்காகவே ஏட்டில் நின்றிருக்கும். அடுத்த வெள்ளத்துக்கும் அதே கிழவிக்கு அதே பங்கு. ராஜா செய்த தப்பைப் பிரம்படியிலேயே தேடிக்கொண்டிருந்தேன் இத்தனை வருடமும். தப்பு அதற்கு முன்னாலேயே, கரையை அளந்து கொடுத்த அன்றே, நடந்துவிட்டது. அந்தக் கட்டாய உழைப்புச் சட்டம்கூடத் தெம்புள்ளவர்கள் என்றாவது பிரித்துச் சொன்னது. பாண்டியனின் முரசு அதையும் சொல்லவில்லை. பையன் வேலை செய்யாமல் கிடந்ததால்தான் அந்த நாலு முழம் பள்ளமாகவே நின்றது. பள்ளமாக நின்றதால்தான் ராஜா வந்து, "இது யார் பங்கு?" என்று கேட்டார். அதுவரைக்கும் வந்தியின் பெயர் அரண்மனையில் யார் வாயிலாவது வந்திருக்குமா?

பெயர் என்று சொன்னேன். அகராதியைப் புரட்டினால் 'வந்தி' என்பதற்கு மலடி என்றே பொருள் போட்டிருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயராக அது இருக்க முடியாது. ஊர் கூப்பிட்ட பெயர். அவளுடைய சொந்தப் பெயரை ஏடும் சொல்லவில்லை, அப்பத்தாவும் சொல்லவில்லை. எங்கள் பெரியம்மாவின் பெயர் மஸ்டர் ரோலில் வாராவாரம் என் கண்ணில் பட்டதுதான். இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. சும்மாடு நினைவிருக்கிறது.

இது நானாகப் போட்ட கணக்கு. சைவப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு இது வாதவூரருக்காக நடந்த விளையாடல்; வந்தி அதற்கு ஒரு சாக்கு, அவளுக்குக் கடைசியில் சிவலோகமும் கிடைத்துவிடுகிறது. இருக்கட்டும். நான் அடித்த பையன் சாமியும் இல்லை. பெரியம்மாவே சொன்ன மாதிரி சோம்பேறிப் பயல்தான். அவனால் ஓர் இடம் காலியானது. காலியானதால் அது யாருடைய இடம் என்று எனக்குத் தெரிய வந்தது. அவன் ஒழுங்காக நின்று சட்டி மாற்றியிருந்தால், அவள் பேருக்கு நேரே கோடு விழுந்திருக்கும். நானும் மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு எழுதாமல் விட்ட கூலியை முழு நாளாக எழுதச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, தன் பணத்தோடு சேர்க்காமல் முந்தானையின் இன்னொரு முனையில் தனியாக முடிந்துகொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் மாடி ஏற வேண்டாம், கீழே சுவருக்குத் தண்ணீர் விடுகிற வேலையைப் பாருங்கள் என்றேன். அவள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "கூலியக் குறைச்சிருவீங்களா சார்?" என்றாள்.

குறைப்பதாகத்தான் இருந்தேன். தண்ணீர் விடுகிற வேலைக்கு ரேட்டு குறைவு. குறைக்க வேண்டாம் என்று அந்த இடத்திலேயே மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் அவள் போகும்வரை காத்திருந்தார். பிறகு பீடியைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே, "அப்ப மத்தவளுகளும் கீழ வேல கேப்பாளுகளே சார்" என்றார்.

கேட்டார்கள். அடுத்த வாரமே இரண்டு பேர்.